உன் இஞ்சித் தேநீர்

என் இரட்டையே,

தேக்கா கடைத்தொகுதியில் இஞ்சி வாசனை வந்தாலே நீதான். அந்தத் தேநீர்க் கடைக்கு நீ எப்போதும் தனியாகத்தான் போவாய். அதனால் கடைக்காரப் பாய்க்கு நாம் இரட்டையர் என்று தெரியாது, நீ போய்விட்டதும் தெரியாது. என்னைப் பார்த்ததும் நீயென்று நினைத்து உன் இஞ்சித் தேநீரான தே ஹலியாவைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு இஞ்சி ஆகவே ஆகாது. ஆனாலும் இத்தனை மாதமாக உண்மையைச் சொல்லாமல் குடித்தேன். அவரளவில் நீ உயிரோடு இருந்தாய். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தானே, எனக்குள்ளும் எங்கேயோ மிச்சம் இருப்பாய் என்று நம்பினேன்.

நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். ஆய்வுக்கூடத்தில் மூளைச் செல்களோடு காலம் கழித்தவள் ஆயிற்றே. தோ பாயோ வீட்டுச் சமையலறையில் ஒருநாள் கேட்டேன். "நமக்கு ஜீன் ஒண்ணுதானே, அப்புறம் ஏன் உனக்கு இடின்னா பயம், எனக்குப் பூனைன்னா பயம்?"

"இந்த பிளாக்ல எல்லா வீடும் ஒரே பிளான்தான் லா. உள்ள போய்ப் பாரு, ஒரே மாதிரியா இருக்கு?" என்றாய். கருவில் மூளை வளரும்போதே சில மரபணுத் துண்டுகள் தம்மைப் பிரதியெடுத்து வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எந்தச் செல்லில், எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அதற்குமேல் நாம் விழுந்தது, படித்தது, பழகியது எல்லாம் சேர்ந்துகொள்ளும். "சோபா தானா எழுந்து நடக்கிற வீடுடி நம்ம மண்டை." சொல்லிவிட்டு நீயே உன் நெற்றியைத் தட்டிப் பார்த்து வியந்தாய். தினமும் செய்கிற வேலைதான், உனக்கு அலுக்கவே இல்லை.

அன்று நான் தலையாட்டியதோடு சரி. நேற்று பாதித் தேநீரில் அது நினைவுக்கு வந்து கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியென்றால் ஜீன் ஒன்றானாலும் நம் மண்டைகள் வேறு, நீ எனக்குள் இல்லை. வேறு யாருக்குள்ளும் இல்லை. கோடானுகோடிப் பேர் வந்து போன உலகத்தில் ஒரே ஒருமுறை நீ நேர்ந்தாய், அப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் நான். அழுகைக்கு நடுவிலும் பிரமிப்பாக இருந்தது.

கோப்பையோடு எழுந்து போய்ப் பாயிடம் சொன்னேன். "இது என் அக்கா குடிக்கிறது, பாய். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. அவ தவறிட்டா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா வந்தது?"

"நான்தான்."

கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். "நீங்க என்ன குடிப்பீங்கம்மா?" என்றார்.

"தே ஓ," என்றேன், பாலும் இஞ்சியும் இல்லாத என் வெறும் தேநீரை.

முகம் கழுவித் துடைக்கும்போதெல்லாம் உன் முகத்தைத்தான் துடைக்கிறேன். அந்த முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இஞ்சி மட்டும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.