உம்மாவின் புரதம்

ஜூன் 6, திங்கள்
பேய்க்காற்று. வெங்காயப் பாத்தி மண் முழுக்க வீட்டுக்குள். மதியம்தான் கரண்ட் வந்தது. நானாவின் மீன்பிடிப் போட்டுக்கு இன்றும் மண்ணெண்ணெய் இல்லை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்துகிறார். நான் ஆய்வு செய்யும் கம்பஸும் பூட்டு. அங்குள்ள பெரிய கணினியைக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து போன் டேட்டாவில் பிடித்து ஓட்டுகிறேன்.

உம்மாவின் பரிசோதனை முடிவு. சந்தேகப்பட்டதேதான். இரத்தத்தில் ஓடும் ஒரு புரதம் மடிப்புக் குலைந்து இதயத்தில் படிகிறது. உம்மாவின் உடன்பிறந்த மாமா உயிர் போய் மௌத்தானதும் இதில்தான் போல.

டொக்டர் போனில்: "பரம்பரையா வாற இதய வருத்தம். பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்க படிச்ச ஆள், வீட்டில சொல்லுங்க."

பிள்ளைகள் என்றால் மூத்தவர் நானாவும் இளையவள் நானும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நானாவுக்கு நிக்காஹ். கற்பிட்டிப் பெண்.

நானாவிடமோ உம்மாவிடமோ இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 8, புதன்
வாங்க வேண்டியது: பருப்பு, பனடோல், உம்மாவுக்கு வழுக்காத செருப்பு.

கணினி ஓட்டம் முடிந்தது. உம்மா மயங்கி விழுந்த பிறகு, என் ஆய்வை வழிநடத்தும் மேடத்திடம் கெஞ்சி வாங்கிய தலைப்பு. அதே புரதம், இரண்டு வடிவம்: ஒன்று சரியானது, மற்றதில் அமினோ அமிலச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி மாற்றம். ஒவ்வோர் அணுவையும் எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று கணக்குப் பார்த்து, துளித்துளியாக நகர்த்த வேண்டும். உடல் சூட்டில் குலையும்வரை ஓட்டினால் என் ஆயுள் போதாது. அதனால் சூட்டைக் கூட்டி ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் கண்ணி மாறியதுதான் முதலில் குலைந்தது. ஓரத்து இழை கழன்றது, பிறகு எல்லாம்.

மேடத்துக்குச் சந்தோசம். "அருமையான ரிசல்ட்! எழுதத் தொடங்குங்க."

"ஓம் மேடம்."

உம்மாவுக்கு இதே வருத்தம் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து அறையில் உம்மா மூச்சு இழுப்பது கேட்டது.

ஜூன் 9, வியாழன்
நானாவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். எனக்கும்தான். டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"மருந்து?"

"வெளிநாட்டுல ஒன்டு இருக்காம். இங்க இல்ல. உம்மாவுக்கு இனிப் பிந்திட்டாம்."

"எனக்கு எப்ப வருமென்டு உன்ட கொம்பியூட்டர்ல பார்க்கேலாதா?"

"ஏலா நானா. ஒருக்காக் கண் சிமிட்டுற நேரத்தைக்கூட அது முழுசாக் காட்டாது."

"அப்ப என்னத்துக்கு அது?"

பின்னால் வருகிறவர்களுக்கு மருந்து செய்ய உதவும் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நானா ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பிப் போனார்.

ஜூன் 11, சனி
நானா சைக்கிளில் கற்பிட்டிக்கு. பெண் வீட்டுக்கு.

"முதல்ல டெஸ்ட் எடுப்பமே," என்றேன்.

"மறைச்சு வெச்சுக்கொண்டு நாள் கடத்தேலா."

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் திரும்பினார். முகம் கறுத்து, சட்டை முழுக்க மண். பெண்ணின் வாப்பா தேத்தண்ணி கொடுத்தாராம். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "நீங்க நல்ல மனுசன் மகன். ஆனா தெரிஞ்சுகொண்டு என்ட புள்ளயத் தரேலா."

உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கட்டிலில் இருந்தபடி, பிரியாணிக்கு யாரைப் பிடிப்போம் என்று கேட்கிறார். நானா அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து என்னிடம், மெதுவாக: "நாளைக்கு உன்னையும் பொண்ணு கேட்டு வருவாங்க. நீ சொல்லுவியா?"

'ஓம்' என்று சொல்லத் துணிவு இல்லை. வலையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, அவர் விட்ட இடத்திலிருந்து பொத்தத் தொடங்கினேன்.