காற்று உன் பக்கம் வீசிய நாள்

இன்று காலை சட்டையைத் துவைக்க எடுத்தபோது களைக்கொல்லி நெடி குப்பென்று அடித்தது. உன் முகம் முன்னால் வந்து நின்றது, நண்பா. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

பெண்டாங் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் நாம் இருவரும் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தோம். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வெறும் சோற்றில் கிச்சாப் சாஸ் மட்டும் ஊற்றித் தின்பதைப் பார்த்த அன்று நீ சொன்னாய்: “சுத்தி எவ்வளவு பச்சை பாரு. ஒன்னையாவது திங்க முடியுமா?” அடுத்த மாதமே வேலையை விட்டாய். செம்பனை எல்லையில் சும்மா கிடந்த சதுப்பைத் திருத்தி, மருந்தே போடாமல் மரவள்ளியும் கீரையும் போட்டாய். விளைந்ததில் பாதி லயத்துக்குப் போனது.

“நாலு வீட்டுக்கு முடிஞ்சா நாப்பது வீட்டுக்கும் முடியும்லா. அப்புறம் உலகத்துல எவன்டா பட்டினி கிடப்பான்?” என்று சிரித்தாய். நானும் நம்பினேன்.

பிறகு ஒருநாள் எல்லை ஓரம் மருந்து அடிக்க, எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் என்னை அனுப்பினார். நீ பாத்தியிலிருந்து கத்தினாய்.

“டேய், காத்து இந்தப் பக்கம் அடிக்குதுடா! கொஞ்சம் நிறுத்துலா!”

“இன்னிக்கே முடிக்கணும்டா. மண்டோர் ஏசுவாரு.”

நான் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கீரை மஞ்சளானது, வாரத்துக்குள் கருகியது. பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பிடுங்கிப் புதைத்தாய். கூடையோடு வந்த பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். என்னை நீ திட்டவே இல்லை. “நீ இல்லன்னா வேற ஆளு அடிச்சிருப்பான்” என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபடி நட்டாய். வேர் பிடிப்பதற்குள் எஸ்டேட் நிர்வாகம் நிலத்தைத் திருப்பிக் கேட்டது. மனுவோடு அலோர் ஸ்டார் நில அலுவலகத்துக்கு நாலு முறை பஸ் ஏறினாய். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போனாய். அங்கேயே ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

உன் பாத்திகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அதற்கும் நான்தான் மருந்து அடிக்கிறேன். வேறு வேலை தெரியாது.

உன் காரியம் முடிந்து சில நாளில் மண்டோரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாளைக்கு அடின்னு விட்டிருப்பேன்லா” என்றார்.

அன்று நான் அவரிடம் கேட்கவே இல்லை, நண்பா. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.