ஏரிக்குப் போன வழியில் கார்த்திக்கின் ஞானோதயம்

அக். 10, வெள்ளி

புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, மழை இல்லை.

வீட்டு விஷயம் முடிந்தது. கார்த்திக்கின் மாமாவுக்கு அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு ஃபிளாட் காலி. இரண்டாவது மாடி. புதன்கிழமை சாவி. அம்மாவிடம் சொன்னதும் முதல் கேள்வி: “மழத்தண்ணி அங்க ஏறாதுல்ல?” போன வருஷம் எங்கள் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். ஈரத்திலேயே கிடந்து, மூச்சிரைப்பு வந்து, அம்மா ஆஸ்பத்திரியில். இந்த மழைக்குள் மாறியே ஆக வேண்டும்.

நாளை பைக் ட்ரிப். நான், ஆபீஸில் என் டீமில் இருக்கும் கார்த்திக், விக்னேஷ். இரண்டு பேரும் கோயம்புத்தூர். “நிஜமான கிராமத்தைப் பாக்கணும்டா” என்கிறான் கார்த்திக். ஏதோ மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்புகிற மாதிரி.

வாங்க: செயின் ஸ்ப்ரே, அம்மாவுக்கு இன்ஹேலர்.

அக். 11, சனி

காலையில் குமணன்சாவடியில் கூடினோம். கார்த்திக்குக்குக் கையுறை, முழங்கால் கவசம், ஹெல்மெட்டில் கேமரா. போவது திருவள்ளூர் தாண்டி ஒரு ஏரிக்கு. இமயமலைக்கு இல்லை.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ஊர் விசாரித்தார். கோயம்புத்தூர் என்றதும் அவர்களை விட்டுவிட்டார். அந்த ஊர்த் தெருவெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? நான் அயனம்பாக்கம் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

“நம்ம தங்கச்சிய அங்கதான் கட்டிக் குட்த்துகீது. எந்தத் தெரு நைனா?”

சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எனக்குப் பேப்பர் கப். வாங்கிக் குடித்தேன். புதுசா என்ன.

விக்னேஷ், “அண்ணே, எனக்கும் பேப்பர் கப்லயே குடுங்க, அதான் சுத்தம்” என்றான். கடைக்காரர் பதறிப்போனார். “உங்களுக்கு இன்னாத்துக்கு சார் அது? கிளாஸ்லயே குடிங்க.”

ஏரிக்கரையில் கார்த்திக் நோண்டி நோண்டிக் கேட்டான். சொல்லித் தொலைத்தேன். எங்கள் தெரு காலனித் தெரு. தாத்தா வரைக்கும் ஊர்க்காரர் வயலில் கூலி. அதற்குத்தான் அந்தக் கப். கார்த்திக்குக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துலயுமாடா?” இத்தனை வருஷம் எந்தக் கிரகத்தில் இருந்தானாம்?

“வாங்கடா, திரும்பிப் போய் அந்தாள நாலு கேள்வி கேப்போம்!” என்று குதித்தான். கிளம்பவில்லை. கேமராவைத்தான் ஆன் செய்தான்.

அக். 12, ஞாயிறு

தூறல். கார்த்திக் ரீல் போட்டுவிட்டான். பின்னணியில் வயலின் அழுகை. “என் நண்பன் தினேஷுக்கு நடந்த கொடுமை.” என் முகம், பேர், ஊர், தெரு எல்லாம் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே இதயமும் அழுகை முகமுமாகக் குவிகிறது. முன்பின் தெரியாத ஒருத்தி, “ஸ்டே ஸ்ட்ராங் தினேஷ்.”

டீக்கடை எந்த ஊர் என்று மட்டும் இல்லை. கேட்டால், “அவங்க வந்து பிரச்சினை பண்ணுவாங்கடா.” நல்ல புரட்சி.

அம்மா பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பழைய மிக்சியை எடுப்பதா வேண்டாமா என்று பெரிய யோசனை.

அக். 14, செவ்வாய்

நேற்றிலிருந்து நல்ல மழை. ஆபீஸ் இருக்கும் எஸ்டேட் ரோடு முழுக்கச் சேறு. கார்த்திக் என் சீட் பக்கமே வரவில்லை. கேன்டீனில் மடக்கினேன்.

“சாவி நாளைக்குத்தான?”

“மாமா ரீலைப் பாத்துட்டாருடா.”

“அதுக்கு?”

“வெஜ் ஃபேமிலிக்குத்தான் விடுவாராம்.”

மாமா வீட்டில் மட்டன் பிரியாணியை வெட்டிய கதையைப் போன வாரம் சொன்னவன் இவனேதான். தட்டைப் பார்த்தே பேசினான். டீக்கடைக்காரராவது என் முகத்தைப் பார்த்துக் கப்பை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “நம்ம இன்னாடா பண்ணோம்?” என்றாள் அம்மா. கட்டிய மூட்டைகளைப் பிரிக்கவில்லை. தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

அக். 15, புதன்

மழை விடவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அம்மாவுக்கு இரைப்பு. புரோக்கருக்குப் போன் போட்டேன். அவனும் முதலில் கேட்டது எந்தத் தெரு என்றுதான்.

கார்த்திக் போன். அழுகிறான்! நான் தேற்ற வேண்டுமாம்.

“தூக்கமே வரலடா. இதையும் ரீலா போடறேன். வீடு தர மாட்டேங்கறாங்கன்னு ஊருக்கே தெரியணும்.”

“போடு மச்சான். இந்த வாட்டி என் பேரை உட்டுடு. உன் மாமா பேரைச் சொல்லி போடு.”

அழுகை சட்டென்று நின்றது.

“மாமாவ எப்படிடா? அவர் பொண்ணத்தான எனக்குப் பேசியிருக்காங்க.”