தினேஷ் வாங்கின மீடியம் ஃபார்மட்

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை

எதிர் ஸ்டூடியோ தினேஷ் மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கிட்டான். எங்க கேமராவைவிடப் பெரிய சென்சார், படம் அவ்வளவு துல்லியமா விழும். முன்னெல்லாம் அது கார் விலை. ஒரு கம்பெனி குறைக்க, இன்னொண்ணு அதுக்கும் கீழே இறங்க, அங்கேயும் ஆடித் தள்ளுபடிதான். இப்போ பைக் விலைக்கு வந்துடுச்சாம். கேமராதான் மீடியம், அவன் அலட்டல் எக்ஸ்ட்ரா லார்ஜ். கழுத்துல மாட்டிகினு பஜார் பூரா சுத்தறான்.

வருஷா வருஷம் அப்பா எடுக்கற பட்டுக்கடை கேட்டலாக்கும் இந்தத் தடவை அவனுக்கே போச்சு. அது இல்லன்னா எங்களுக்குத் தீபாவளியே இல்ல.

இன்னைக்குக் கடை முதலாளியே எங்க ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"அந்தப் பையன் எடுத்த படத்துல, தறியில இழை அறுந்து முடிச்சுப் போட்டதுகூடத் தெரியுதுங்க. கஸ்டமருங்க பெருசாக்கிப் பார்த்துட்டு டேமேஜ் புடவைன்றாங்க. நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. உங்க கேமராவுல ஒண்ணும் தெரியாது."

அப்பா சிரிச்சுகினே சரின்னார். எனக்குச் சிரிப்பு வரல. முதலாளி போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தேன். ஜரிகை விரல்ல குத்தற மாதிரி இருந்துச்சு. வேலை எங்களுக்கு, கேமரா அவனுக்கு.

நாளைக்கு ஒரே ஒரு படம் எடுக்கக் குடுடான்னு கேட்கணும். குடுக்க மாட்டான். நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்.