வெர்லீன் எழுந்து நிற்கும் இடம்

ஏப்ரல் 14, 1996, ஞாயிறு

இன்றும் ராய்ஸ் மேடையில் அழுதான். இன்றும் அவனை அழ வைத்தது என் ஸ்டீல் கிட்டார்தான். சம்பளமில்லாத ஊழியம்.

நேற்று கவுண்டி எல்லைக்கு அப்பால் இருக்கும் மதுக்கடையில் எங்கள் இசைக்குழு நால்வரும் ஆற்றங்கரைப் பாட்டு பாடினோம். காதலன் காதலியை உலாவக் கூப்பிடுகிறான், ஆறு வருகிறது, கத்தி வருகிறது, அவள் மிதக்கிறாள். கடைசிச் சரணத்தில், தூக்குமேடையில் நிற்கும் அவனுக்கு இயேசு கதவைத் திறந்துவிடுகிறார். மிதந்து போனவளுக்கு யாராவது கதவு திறந்தார்களா என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. இன்று காலை எங்கள் பியூலா சபையில் அதே நான்கு பேர், அதே மூன்று கிட்டார் கார்டு. பீர் இல்லை. கத்திக்குப் பதில் கை. வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் ராய்ஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வான். "இந்தக் கையாலதான் அடிச்சேன் சகோதரரே. கட்டின பொண்டாட்டிய. ஒருநாள் கர்த்தர் இந்தக் கையப் பிடிச்சார்." இந்த இடத்தில் நான் தொடங்க வேண்டும். கீழிருந்து மேலே ஐந்து சுரம், வழுக்கிக்கொண்டே ஏறும். ஐந்தாவதில் முன்வரிசையில் என் தங்கை வெர்லீன் எழுந்து நிற்பாள். "அதோ! என்னை மன்னிச்சவ!" உடனே அல்லேலூயா, கைக்குட்டைகள், அப்புறம் அவனுடைய புகழ்பெற்ற பாட்டு, 'அவள் எழுந்து நின்றாள்.'

ஏழு வருடமாக இது நடக்கிறது. முதல் வருடம் சாட்சியில் கன்னத்தில் ஓர் அறைதான் இருந்தது. கூட்டம் கூடக் கூட அறை இரண்டாயிற்று, மூன்றாயிற்று. போன கிறிஸ்துமஸுக்கு அவளைப் படிக்கட்டிலிருந்து தள்ளியதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது.

பாட்டின் இரண்டாம் சரணம் நான் எழுதியது. கேசட் உறையில் போட்டிருப்பது: 'சொல்லும் இசையும் ராய்ஸ் ஸ்டாம்பர், தேவ கிருபையால்.' தேவ கிருபைக்கு இடம் இருந்தது. மச்சானுக்கு இல்லை.

ஏப்ரல் 17, புதன்

கல்லூரியில் கொலைப் பாட்டுகள் பற்றிய வகுப்பு. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அவ அப்படி என்னதான் தப்பு பண்ணினா?"

"பாட்டுக்குள்ள வந்தா. அதான் தப்பு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

துறைத்தலைவர் பதவி ஹார்மனுக்குப் போய்விட்டது. கௌபாய் தொப்பியின் விளிம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன். என் மனைவி மார்ஜரி என்னை விட்டு லெக்சிங்டன் பல் டாக்டரோடு போனபோதே நானும் ஒரு பாட்டு எழுதிப் பிழைத்திருக்க வேண்டும். பல் டாக்டருக்கு எதுகை அமையவில்லை.

ஏப்ரல் 20, சனி

வெர்லீனோடு மதியச் சாப்பாடு, கடைத்தெரு உணவகத்தில். பொரித்த கெளுத்தி மீன். யாரோ பாட்டுப் பெட்டியில் காசு போட்டார்கள். எவனோ ஸ்டீல் கிட்டாரில் வழுக்கி ஏறினான். வெர்லீன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. பிறகு எட்டி சாஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாஸ் பாட்டில் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மே 5, ஞாயிறு

நாஷ்வில்லிலிருந்து டட்லி என்று ஒருவர் வந்தார், தொலைக்காட்சிக்காரர். பல் முழுக்கப் புதுசு. மார்ஜரியின் ஆள் வேலையாகக்கூட இருக்கலாம். ஜூன் ஒன்பதாம் தேதி எங்கள் சபையிலேயே படம் பிடிக்கிறார்களாம். அது நன்றாக வந்தால் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம், ஒரு வருடம்.

ராய்ஸுக்குக் கை கொடுத்துவிட்டு நேராக வெர்லீனிடம் போனார். "மேடம், நீங்கதான் இதுக்கு உயிரே. பாட்டு யார் வேணா பாடலாம். எழுந்து நிக்க ஒரு ஆள் வேணும்ல? எல்லா ஊருக்கும் நீங்க வந்தாகணும். நீல கவுன் போட்டுக்குங்க. கண்ணுல கொஞ்சம் தண்ணி வருமா?"

"வெங்காயம் குடுத்தா வரும்" என்றாள் வெர்லீன்.

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது ராய்ஸ்தான். அவள் பிடரியில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் கை அங்கேயே இருந்தது.

மே 6, திங்கள்

சுற்றுப்பயணத்துக்கு வேறு ஸ்டீல் கிட்டார்காரன் வருவானாம். இளைஞனாம். ராய்ஸ் சொன்னான்: "உனக்குக் காலேஜ் இருக்குல்ல வாத்தியாரே." என்ன அக்கறை!

மே 18, சனி

கவுண்டிச் சந்தை, மலைக்கு மேலே. மதிய வெயிலில் மேடை. வெர்லீன் மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஐந்து சுரமும் ஏறி முடித்தேன். அவள் எழவில்லை. குழந்தையின் தலையைத் தாங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் "அதோ, என்னை மன்னிச்சவ" என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் செல்லமாகச் சிரித்தது.

ராய்ஸும் சிரித்தான். "தேவதூதன் தூங்குது, எழுப்ப வேணாம்னு பாக்குறா!" பெரிய கைதட்டல். ஆள் சமாளிப்பதில் மன்னன்.

மே 21, செவ்வாய்

வெர்லீன் வந்தாள். அவன் டட்லியைப் பார்க்கப் போயிருக்கிறானாம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"சனிக்கிழமை வீட்டுக்குப் போறப்ப..." என்றாள்.

"அடிச்சானா?"

"கை ஓங்கலண்ணே. ரட்சிக்கப்பட்டவராச்சே. மலை இறக்கத்துல வண்டிய எதிர்ப்பக்கம் ஏத்தி ஓட்டினார். எதிர நிலக்கரி லாரி வருது, ஹாரன் அடிக்கிறான். இவர் பாடிக்கிட்டே வரார். கீர்த்தனை. நாலு சரணமும்."

"நீ என்ன பண்ணினே?"

"ரெண்டாவது குரல் பாடச் சொன்னார். பாடினேன்."

காபி வேண்டுமா என்று கேட்டேன். கேட்க வேறு எதுவுமே இல்லையா?

அவள் இடது கையை மேசைமேல் வைத்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் வளைந்தே இருக்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மலைகளில் அவளைப் போல மாண்டலின் வாசிக்க ஆளில்லை. பிறகு காற்றில் வண்டிக் கதவு மூடி விரல் நசுங்கிவிட்டது. ஊருக்கே தெரிந்த கதை.

"காத்துன்னு சொன்னது அவர்தானே? அன்னிக்கு ஒரு இலை அசையலண்ணே."

"இதை ஏன் அவன் சாட்சியில சொல்றதில்ல?"

"இதுக்கு அவருக்கு அழுகை வராது."

மே 22, புதன்

கொலைப் பாட்டுகளில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். முந்நூறு பக்கம். பின்னிணைப்பு தனி.

ஜூன் 1, சனி

எல்லாம் யோசித்துவிட்டேன். ஒன்பதாம் தேதி மூன்று காமிரா முன்னால் அவன் தொப்பியைக் கழற்றி, கையைக் காட்டி, கர்த்தரைக் கூப்பிடுவான். நான் வாசிக்க மாட்டேன். ஒரு சுரம்கூட. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் வாயைத் திறந்தபடி நிற்கட்டும். ஏழு வருடக் கணக்கு, இரண்டாம் சரணம் உட்பட!

வெர்லீனிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"நீ நிறுத்தினா என்ன ஆகும்ண்ணே? கிட்டார் ரிப்பேர்னுவாங்க. உன்னை இறக்கிட்டு வேற ஆள ஏத்தி மறுபடி எடுப்பாங்க. நான் மறுபடி எழுந்து நிக்கணும். உன் கோவம் தீர்ந்துடும். எனக்கு?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"எப்பவும் போல வாசி. நல்லா வாசி."

அவ்வளவுதான். என் தங்கை! எங்கள் ஊர்ப் பெண்களை ஆற்றுக்குப் பிடித்து இழுத்துப்போக வேண்டியதே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களே வந்துவிடுகிறார்கள். வெளியே வரும்போது கதவை அறைந்து சாத்தினேன். காற்று ஒன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

வெர்லீன் போனில் கூப்பிட்டாள். ராய்ஸ் காமிராக்காரர்களோடு விடியும் முன்பே சபைக்குப் போய்விடுவானாம். "உன் கார்ல வரேன். சபை விருந்துக்குப் பாத்திரம் இருக்கு, டிக்கிய காலி பண்ணி வை." சுற்றுப்பயணம் முழுக்க அடிமையாகப் போகிறவளுக்குக் கோழிக்கறியும் நூடுல்ஸும்தான் கவலை.

ஜூன் 9, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

நான் போய் நின்றதும், இறங்கக்கூட விடாமல், அவளே டிக்கியில் எல்லாவற்றையும் ஏற்றி மூடிவிட்டாள். நீல கவுன் போட்டிருந்தாள்.

சபை நிரம்பி வழிந்தது. விளக்குச் சூட்டில் பாஸ்டரின் வழுக்கைத் தலை மின்னிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டு முடிந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். அறை, இரண்டாவது அறை, படிக்கட்டு. இன்றைக்குப் புதிதாக ஒரு பெல்ட்டும் வந்தது. "கர்த்தர் இந்தக் கையப் பிடிச்சார்!"

நான் வாசித்தேன். அவள் சொன்னபடியே, எப்பவும் போல. ஐந்து சுரம்.

"அதோ! என்னை மன்னிச்சவ!"

வெர்லீன் உட்கார்ந்திருந்தாள்.

கால்மேல் கால் போட்டு, மடியில் கைப்பை, அதன்மேல் இடது கை. காமிரா அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அழவில்லை, முறைக்கவுமில்லை. நம்மூர்ப் பாட்டுகளில் பெண்கள் செய்யும் எதையும் செய்யவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ் என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்தபடி: "மறுபடி, வாத்தியாரே." மறுபடி வாசித்தேன். பாஸ் கிட்டார் வாசிக்கும் வெண்டல் என் காதருகே குனிந்து, "தூங்கிட்டாளா?" என்றான். "முழிச்சுக்கிட்டா" என்றேன். நானாக யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

"அதோ... என்னை மன்னிச்சவ..."

இரண்டாம் வரிசை ஓப்பல் அம்மாள், பாவம், நல்ல மனசு. மேடையில் ஒரு மனிதன் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது. அப்புறம் அடுத்த வரிசை. சபை முழுக்க எழுந்து கை தட்டியது, எதற்கென்று தெரியாமலே. காமிராக்காரன் முண்டியடித்தான், அவனுக்கு வெர்லீன் தெரியவில்லை. மேடையின் உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. நிற்கிற ஜனங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். அதில் நீல நிறம்.

"மூணாவது தடவை" என்றான் ராய்ஸ். மூன்றாவது தடவையும் வாசித்தேன். சந்தோஷமாக.

மூன்றாவதும் முடிந்த பிறகுதான் அவள் எழுந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி, ஓப்பல் அம்மாளிடம் "கொஞ்சம் வழி விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, நடுவழியில் நடந்து வெளியே போனாள். நான் கிட்டாரை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். காரில் முன் சீட்டில் இருந்தாள்.

"போலாம்ண்ணே."

"பாத்திரம்? விருந்து?"

டிக்கியில் பாத்திரம் எதுவும் இல்லை. ஒரு சூட்கேஸ், குளிர்காலக் கோட்டு, மாண்டலின் பெட்டி.

ஜூன் 10, திங்கள்

காலையில் ராய்ஸ் வந்தான், பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு. என் வீட்டுப் புல்தரையில் முழங்கால் போட்டு அழுதான். ஸ்டீல் கிட்டார் இல்லாமலே கண்ணீர் வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மன்னிப்புக் கேக்குறான் மகளே" என்றார் பாஸ்டர்.

கொசுவலைக் கதவுக்கு உள்ளே நாற்காலியில் இருந்தபடியே வெர்லீன் சொன்னாள்: "மன்னிச்சாச்சு பாஸ்டர். ஏழு வருஷமா வாராவாரம் எல்லார் முன்னாலயும் மன்னிச்சாச்சு. நீங்கதான் சாட்சி. இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ராய்ஸ் எழுந்து கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். வலது கை மடங்கியிருந்தது. பாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவனுக்கும் கதவுக்கும் நடுவே போய் நின்று, "வண்டில ஏறு ராய்ஸ்" என்றார். கர்த்தர் பிடித்ததாகச் சொன்ன கை. கடைசியில் அறுபது வயதுக் கிழவர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

வெர்லீனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனேன். அவன் அவள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. எழுத்தர் காகிதத்தை நீட்டிவிட்டு, "உங்க பாட்டுன்னா என் வீட்டுக்காரருக்கு உயிருங்க" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

வெண்டல் முன்பே எச்சரித்தான்: "ரேடியோல வருது, மனசத் தேத்திக்கோ." இன்று வந்தது. ராய்ஸின் புதுப் பாட்டு: 'அவள் எழவில்லை.' ஏழே வாரத்தில்! டட்லிக்கு முந்தையதைவிட இதுதான் பிடித்திருக்கிறதாம், பிரிவுக்கு மவுசு அதிகமாம். நல்லவன் ஒருவன், அவன் கண்ணீர், வெறிச்சோடிய நாற்காலி. இரண்டாம் சரணத்தில் அவள் காதில் விஷம் ஊதும் 'படித்த பாம்பு.' இருபது வருடம் பாட்டெழுதி ஒரு கேசட் உறையில்கூட என் பெயர் வந்ததில்லை. கடைசியில் பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டேன்.

வெர்லீன் சமையலறை மேசையில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு விரலும் நிமிராததால் அவளுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறாள், கட்டைவிரலால் கிள்ளி இழுப்பது. ரேடியோவை அணைக்க எழுந்தேன். "இருக்கட்டும்" என்றாள்.

அதே இடம் வந்தது. தொப்பி, கை, கர்த்தர். நாஷ்வில்லின் புது ஸ்டீல் கிட்டார்காரன் கீழிருந்து வழுக்கி ஏறினான், ஐந்து சுரம். நான் அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நார் அறாமல் நீளமாக வந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

"இந்தப் பையனுக்குச் சுருதி சுத்தமா இருக்குண்ணே" என்றாள். "நீ அந்தக் கடைசி சுரத்துல கொஞ்சம் இறங்கித்தான் வாசிப்பே. ஏழு வருஷமும்."