சோத்தாங்கைத் துப்பாக்கி

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் வரிகள் கரட்டிலிருந்து ஆடு இறங்குவதைப் போலச் சரிந்துதான் இறங்குகின்றன. எழுதிய மையின் மேலேயே மணிக்கட்டு ஊர்ந்து போவதால் பாதி எழுத்து கலங்கியும் இருக்கும். உன் பெயரைப் போட்டுத் தொடங்க ஆசைப்பட்டேன். அதில் வருகிற ஓர் எழுத்து எனக்கு இன்னும் சரியாக வளையவில்லை. அதனால் பெயரில்லாமலே தொடங்குகிறேன். உனக்குத்தான் என்று உனக்குத் தெரியும்.

ஆமாம், எனக்கு எழுத வருகிறது. வாசிக்கவும் வருகிறது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் 'புளியங்குடி' என்று நானே வாசித்து ஏறிப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாசித்துவிட்டோமே என்று ஏறினேன். எலுமிச்சை மார்க்கெட்டைச் சுற்றி வந்து, 'சங்கரன்கோவில்' என்று வாசித்துத் திரும்பி வந்தேன்.

இன்று காலை துப்பாக்கியைத் துடைத்தேன். அந்த எண்ணெய் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு, சோறு தின்று கை கழுவிய பிறகும் போகவில்லை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. அதை முகர்ந்ததும் பழைய எரிச்சல் வயிற்றில் கிளம்பிவிட்டது. சரி, இன்று இவனுக்கு எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

எரிச்சல் என்று ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. நீ பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பி வந்தாய். நான் அதே ஆடுகளின் பின்னால் நின்றிருந்தேன். டீக்கடையில் உனக்கு 'வாங்க மிலிட்டரி' என்று பெஞ்சைத் துடைத்துப் போடுவார்கள். நான் வந்தால் 'அங்கன ஓரமா உக்காருமே' என்பார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்தேன். பூட்டிக் கிடந்த தறி ஷெட்டில், சுடச் சொல்லித்தருகிற மாஸ்டர் பத்து மீட்டருக்குக் குறி சுடும் இடம் போட்டாரே, அங்கே நீ காற்றுத் துப்பாக்கியைத் தூக்கி நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, மூச்சை நிறுத்தி, டப் என்று ஒரு சத்தம். அட்டையின் நடுவில் ஒரு ஓட்டை. ஷெட்டில் பழகும் பையன்களும் பெண்பிள்ளைகளும் உன்னைப் பார்த்த பார்வையைக் கண்டு எனக்கு எரிந்தது. நீ சுட்டதிலேயே நல்ல அட்டை ஒன்றை மாஸ்டர் சுவரில் ஒட்டியும் வைத்தார். அதைத் தாண்டி ஓர் அட்டை என் கையால் அங்கே ஏற வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு வெறி வந்தது.

"எனக்கும் ஒண்ணு வாங்கணும்லே" என்றேன்.

"ஏலே, கோட்டிக்காரப் பயலே, ஆட்டைச் சுடப் போறியா?"

"அட்டையைத்தான். நீ சுடுதேல்லா?"

"இந்த வயசுல ஒனக்கு எதுக்குலே?"

"ஒனக்கு மட்டும் பதினெட்டா?"

நீ சிரித்துவிட்டாய். இரண்டு கிடாய்களை விலைக்குக் கொடுத்துவிட்டு உன்னோடு மதுரை பஸ் ஏறினேன். வழியெல்லாம் பாடம் நடத்தினாய். இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, ஆனால் வயதுக்கும் ஊருக்கும் சான்று காட்ட வேண்டும் என்றாய். காலியாக இருந்தாலும் குண்டு இருக்கிறது என்று நினைத்துத்தான் தொட வேண்டும், குழல் வாயை ஒருநாளும் ஆள் பக்கம் திருப்பக் கூடாது என்றாய். ராஜபாளையம் தாண்டுவதற்குள் எனக்குத் தலை வலித்தது.

கடையில் முதலில் என் கண் போனது போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது மாதிரி கறுப்பாய், பளபளப்பாய் இருந்த ஒன்றின் மேல்.

"மாப்பிள்ளையா பாக்கே, அழகு பாக்கதுக்கு?" என்று நீ அதைத் தள்ளி வைத்தாய். "முதல் துப்பாக்கி எளிசா இருக்கணும். நீட்டுன கையில கனம் தாங்குதான்னு பாரு. விசை உரசாம வருதான்னு பாரு. துப்பாக்கிதான் ஒனக்குப் பொருந்தணும், நீ அதுக்குப் பொருந்தக் கூடாது."

கடைக்காரர் வேறு ஒன்றை எடுத்தார். ஒரே ஒரு தடவை காற்று இழுத்து ஒரு குண்டு சுடுவது, மரக் கைப்பிடி. முதல் துப்பாக்கி என்று தெரிந்ததும், சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தொட்டு, "வாங்கிக்கங்கய்யா" என்று இரண்டு கையாலும் நீட்டினார். நான் செருப்பைக் கழற்றினேன். சோத்தாங்கையை நீட்டி, பீச்சாங்கையால் முழங்கையைத் தொட்டு வாங்கினேன். பிரசாதமானாலும், பத்திரிகையானாலும், புதுச் சாமானானாலும் நம் ஊரில் யாரும் பீச்சாங்கையால் வாங்குவதில்லையே. கைப்பிடியில் விரல் விரலாகப் பள்ளம் செதுக்கியிருந்தது. அது சோத்தாங்கைக்கு என்றே செதுக்கியது. வாங்கின கையிலேயே அது உட்கார்ந்துவிட்டது.

"கண்ணை மூடித் தூக்கு. நீட்டுன பொறவு திற. குழல் நுனியில இருக்க முன்குறி, பின்குறிப் பள்ளத்துக்கு நடுவுல நிக்கணும்" என்றாய்.

திறந்து பார்த்தேன். முன்குறி ஓர் ஓரமாய் ஒதுங்கி நின்றது. சொன்னேன்.

அதற்கு முன் காட்டிய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குற்றம் கண்டவன் நீ. ஒன்று கனம் என்றாய், ஒன்று விசை கடிக்கிறது என்றாய். இதற்கு மட்டும் என் கையைப் பார்த்தாய், அப்புறம் வெளியே தெருவைப் பார்த்தாய்.

"பழகிரும்" என்றாய்.

பழகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உன் பக்கத்தில் நின்று சுட்டேன். உன் குண்டெல்லாம் நடுவே போனது. என்னுடையது அட்டையின் விளிம்பைக் கடித்தது, சில நேரம் அட்டையையே விட்டுவிட்டுப் பின்னாலிருந்த பலகையில் போய் அடித்தது.

"ஏலே, பலகைக்குக் காது குத்துதியா? வர்ற ஆடித்தபசுக்கு மொட்டையும் போட்டுருவமா?" என்பாய். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன். உன் கை நடுங்கட்டும், உன் கண்ணில் புரை விழட்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு. நெஞ்சு நிற்கட்டும் என்று ஒருநாளும் வேண்டவில்லை. அது தானாக நின்றது, ஐப்பசி மழையில்.

உன் காரியம் முடிந்த பிறகு வெள்ளிக்கிழமை எங்கே போவதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்றார்கள். போய் உட்கார்ந்தேன். டீச்சர் சின்னப் பெண். பென்சிலை மேசையில் வைத்தாள். யாரும் நீட்டவில்லை, சந்தனம் வைக்கவில்லை. நானே எடுத்தேன். பீச்சாங்கையில் எடுத்தேன்.

"தாத்தா, நீங்க இடக்கையா?"

"இல்லம்மா. சோறு திங்கது இந்தக் கைதான்" என்று மற்ற கையைக் காட்டினேன்.

"ஆடு மேய்க்கையில கல்லு எறியிறது?"

யோசித்துப் பார்த்தேன். கல்லெறிந்தது, வேலிமுள் வெட்டியது, எல்லாம் பீச்சாங்கை. சோறு தின்பதற்கும் கும்பிடுவதற்கும் வாங்குவதற்கும் மட்டும்தான் மற்றது. இத்தனை வயதுக்கு ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"வர்ற கையில எழுதுங்க, தாத்தா. 'அ' ரெண்டு கைக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

மறுநாள் காலையில் மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். இடக்கைக்குக் கைப்பிடி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பிடரியைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, அவரு போய்ட்டாரு. இனிமேச் சொன்னா தப்பில்ல. நீங்க வந்த கொஞ்ச நாள்லயே எனக்குச் சந்தேகம்தான். சொல்ல வாயெடுத்தேன். அவருதான் தடுத்துட்டாரு."

"என்ன சொன்னான்?"

"'அந்தப் பய பீச்சாங்கையால கல்லெறிஞ்சா ஓடுத ஆட்டோட கொம்பு நுனியில படும். நான் சின்னதுலருந்து பாத்து வெந்துக்கிட்டிருக்கேன். கையை மாத்துனான்னா என் அட்டை சுவத்துல நிக்காது. ஒரு வருசம் போகட்டும், நானே சொல்லுதேன்'னாரு."

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான் கோபப்படுவேன் என்று நினைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அட பாவிப் பயலே, பட்டாளம் போய்ப் பென்ஷனோடு வந்தவன், என் ஆட்டுக் கல்லுக்கா வெந்தாய்? அந்தக் கடையில் தெருவைப் பார்த்தாயே, எனக்கா பயந்தாய்? இது தெரிந்திருந்தால் எத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இடக்கைக் கைப்பிடி வந்தது. மாஸ்டரே மாட்டிக் கொடுத்தார். கண்ணை மூடித் தூக்கினேன், திறந்தேன். முன்குறி நடுவில் நின்றது. கொஞ்ச நாள் அட்டைக்குள்ளேயே சுற்றி வந்தேன். அப்புறம் உள் வட்டங்களுக்குள் போனேன். போன வெள்ளிக்கிழமை உன் அட்டையைத் தாண்டிவிட்டேன். ஒரே ஒரு புள்ளியில்தான், ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான். நம்பாவிட்டால் மாஸ்டரைக் கேள்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாஸ்டர் உன் அட்டையைக் கழற்றப் போனார். வேண்டாம், பக்கத்திலேயே ஒட்டுங்கள், ஒரு சாண் மேலே ஒட்டுங்கள் என்றேன். ஒட்டினார். நான் திரும்பி உன் முகத்தைத் தேடினேன்.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தோற்றவன் முகத்தைப் பார்க்காமல் ஜெயித்து என்ன செய்ய? என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி உன்னை யாரும் தோற்கடிக்க முடியாது. அதிலும் நீயே முந்திக்கொண்டாய். பென்ஷனை மன்னித்துவிடுவேன், டீக்கடை பெஞ்சை மன்னித்துவிடுவேன், 'பழகிரும்' என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க மாட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமையும் சுடுவேன். இன்னும் கூடத்தான் புள்ளி வாங்குவேன். எத்தனை என்று சனிக்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வாசித்து நன்றாக எரி.