நாற்காலியைக் குறுக்கே போட்ட மத்தியானம்

தெத்துவான்,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் வியாமுக்கு,

உனக்கு என் ஸலாம். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நடுவில் நீ நுஸ்ஹாவைப் புகழ்ந்து ஏதாவது சொல்வாய், நான் கடைக்கு ஆள் வந்துவிட்டதாகப் பொய் சொல்லி வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு ரபாத்திலிருந்து நேராக மார்த்திலுக்குப் போய், கடற்கரையில் நுஸ்ஹா சித்தி வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் தங்கப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். "நீ எப்படியும் கடையிலதானேம்மா இருப்பே" என்று கடைசியில் ஒரு வரி. அதற்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. இதுதான் பதில் என்று வைத்துக்கொள்.

இது கல்யாண மாதம். ஐரோப்பாவிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் கஃப்தான் அங்கி தைத்து முடிக்கவேண்டும் என்கிறார்கள். சரிகை நாடாவும் முடிச்சுப் பொத்தானும் கேட்டு மணப்பெண்களின் தாய்மார்கள் கடையை மொய்க்கிறார்கள். வேதியியல் படித்தவள் என்பதால் துணியின் நிறத்துக்கு நூலின் நிறத்தை நான்தான் சரியாகச் சேர்ப்பேன் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. நானும் மறுத்ததில்லை. காலையில் திறந்தால் இரவுத் தொழுகை வரை நின்றபடிதான். மதியத்துக்கு ஒரு ரொட்டி, தேநீர்.

நீ சித்தி என்று கூப்பிடும் எதிர்க்கடை நுஸ்ஹாவும் அதே நாடாவையும் அதே பொத்தானையும்தான் விற்கிறாள். ஆனால் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் நாற்காலியை வாசலில் குறுக்கே போட்டுவிட்டு மீன் பொரிக்க வீட்டுக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை திறப்பதே இல்லை. மாலையில் கடல். அவளுடைய வாடிக்கைக்காரிகள் அவள் வரும்வரை என் கடைப் படியில் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதில் என்ன நியாயம் என்று நீயே சொல். "அடி பதீஆ, மூச்சை நாலு எண்ணி உள்ளே இழு, ஆறு எண்ணி வெளியே விடு, எல்லாம் சரியாயிடும்" என்று எனக்குப் பாடம் வேறு. ஏதோ காணொளியில் பார்த்தாளாம். முழம் எண்ணவே எனக்கு நேரம் போதவில்லை, மூச்சை எங்கே எண்ணுவது?

சரி, போன வாரம் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் அப்பா பெரிதாக்கிச் சொல்வதற்கு முன் என் வாயால் கேட்பது நல்லது.

வாசலுக்கு மேல் தொங்கும் நூல் கண்டுகளைச் சரிசெய்ய நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். இறங்கியதும் அதை அப்படியே விட்டுவிட்டுக் கத்தரி எடுக்க உள்ளே வந்தேன். லேசாகத் தலை சுற்றியது. மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தது வரை நினைவிருக்கிறது.

நாற்காலி குறுக்கே கிடந்தால் கடைக்காரர் வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம், நம் சந்தில் யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். பணப்பெட்டி திறந்து கிடந்தாலும் அப்படித்தான். வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நுஸ்ஹா மீன் தின்றுவிட்டு வந்து நாற்காலியைப் பார்த்தவள், சந்து முழுக்கக் கொண்டாடியிருக்கிறாள். யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போனதற்கு, "கூப்பிடாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்! இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கா" என்று தடுத்துவிட்டாளாம். பெஞ்சு போட்ட தேநீர்க்கடையில், "கழுதைக்கே ஓய்வு கிடைச்சுடுச்சு, நமக்கென்ன" என்று சிரித்தார்களாம். நான் ஐந்தடி தள்ளித் தரையில் கிடந்தேன்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் உன் அப்பா தொலைபேசியில் அழைத்திருக்கிறார். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்ததை நுஸ்ஹா கேட்டிருக்கிறாள். தொலைபேசியை விட்டுவிட்டு நான் எங்கும் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கிடக்கும் நாற்காலியைத் தாண்டிக் குதித்து வந்தாளாம், அந்த உடம்போடு. கண் விழித்தபோது என் தலை அவள் மடியில் இருந்தது. ஆரஞ்சுப் பூநீரை என் நெற்றியில் தேய்த்துக்கொண்டே, "வியாமுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், வியாமுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று அழுதாள்.

எனக்கு நன்றிதான் தோன்றியிருக்கவேண்டும். உனக்கு இவள் எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் தோன்றியது.

மருத்துவர் ரத்தம் குறைவு என்றார், ஓய்வு என்றார். விழுந்ததில் கிழிந்த உதட்டில் சின்னத் தையல். பயப்பட ஒன்றுமில்லை. மருத்துவமனையில் காத்திருந்தபோது, என்னைப் பேச்சில் வைத்திருக்க நினைத்து நுஸ்ஹா, "வியாம் பல்லைப் பிடுங்கினப்போ இப்படித்தான் உதடு வீங்கிக் கிடந்தாளாம், பாவம்" என்றாள். உனக்குப் பல் பிடுங்கியது எனக்குத் தெரியாது. தெரிந்தது போலத் தலையாட்டினேன். இப்போது வலி போய்விட்டதா?

நான் படுத்திருந்த நாட்களில் என் கடையையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஒருவரைக்கூடத் தன் கடைக்கு இழுக்கவில்லை; கவனமாக விசாரித்தேன். நான் விற்க முடியாமல் வைத்திருந்த அந்த ஊதா நாடாவை ஒரு பெண்ணின் தாயிடம் விற்றுவிட்டாள். நூல் அடுக்கையும் மாற்றி வைத்திருக்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. நான் கடைக்குத் திரும்பிப் போனதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு மத்தியானம் உன் கடையை நான் பார்க்கிறேன், மறு மத்தியானம் என் கடையை நீ பாரு. பிடிக்கலேன்னா சொல்லு, இன்னொரு தடவை நாற்காலி தாண்ட எனக்கு முட்டி கிடையாது." யோசிக்கிறேன் என்றேன். உன் அப்பா, "யோசிக்க என்னம்மா இருக்கு? பட்டம் வாங்கினவளுக்கு இதுகூடவா புரியாது?" என்றார். மறுநாள் சரி என்றுவிட்டேன். அவர் சொன்னதற்காக இல்லை.

ஆக, என் மத்தியானங்களில் பாதி இப்போது காலியாக இருக்கிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உன் அறையின் அலமாரியைத் துடைத்தேன். நுஸ்ஹா கடலில் மணிக்கணக்காக என்னதான் செய்கிறாள்? நீயும் அவளும் அங்கே எதைப் பேசிச் சிரிக்கிறீர்கள்? இதைக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ மார்த்திலுக்கே போ. தடுக்கவில்லை. அவள் வீட்டில் காற்று நன்றாக வரும். ஆனால் ரபாத் பேருந்து முதலில் தெத்துவானில்தானே நிற்கும்? நிலையத்துக்கு நான் வருகிறேன். தானே வந்து உன்னை அழைத்துப்போவதாக நுஸ்ஹா சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். எந்தப் பேருந்தானாலும் சரி, மத்தியானமானாலும் சரி, வருவேன். பையோடு இறங்கும்போது கூட்டத்தில் தேடாதே, முன்னால்தான் நிற்பேன்.

இறைவன் உன் பாதையை எளிதாக்கி, உன்னை நலமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பதீஆ